கீழ்ப் பெருஞ்சிரையில் கட்டி: எடுத்த பிறகு ரத்தம் எந்த வழியாகத் திரும்பும்?

“நரம்பில் கட்டி இருக்காம்” என்று சொல்லிக்கொண்டுதான் பல குடும்பங்கள் வருகின்றன. நம் பேச்சில் கையில் புடைத்துத் தெரிகிற சிரையும் நரம்பு, மூளையிலிருந்து இறங்குவதும் நரம்பு. இந்தக் குழப்பத்தில் நரம்பியல் மருத்துவரைத் தேடி அலைந்து நாள்கள் வீணாவதும் உண்டு. அதனால் முதல் நாளே ஒரு தாளில் படம் வரைந்து காட்டிவிடுவது நல்லது. கட்டி இருப்பது ஒரு சிரையில். ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய குழாய் அது. இரு கால்கள், இடுப்பு, சிறுநீரகங்கள், கல்லீரல் எல்லாவற்றின் ரத்தமும் இதில்தான் வந்து சேர்கிறது. பெயர் கீழ்ப் பெருஞ்சிரை. மருத்துவமனையில் எல்லோரும் ஐவிசி என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் மென்தசை இருக்கிறது. அந்தத் தசையில் பிறக்கும் புற்றுதான் ஐவிசி லியோமயோசார்கோமா. 1871-இல் பெர்ல் என்பவர் பிணப் பரிசோதனையில் கண்டதை முதல் பதிவாகச் சொல்வார்கள். அறுவை செய்து எடுத்ததை முதலில் எழுதியவர் மெல்கியோர், 1928-இல். எவ்வளவு அரிது என்றால், உலகம் முழுவதும் திரட்டி 1996-இல் வெளியான பதிவேட்டிலேயே 218 பேர்தான் இருந்தார்கள். பெண்களுக்கே அதிகம், பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுகளில். கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஐந்தாண்டைத் தாண்டினார்கள் என்பது அந்தப் பதிவேட்டின் கணக்கு. கீமோவோ கதிர்வீச்சோ மட்டும் கொடுத்து இதைக் குணப்படுத்த முடியாது. அறுவைதான் சிகிச்சையின் மையம். அதுவும் முதல் முறையே சரியாக நடக்க வேண்டும். ஒருமுறை கிழித்து, பாதியில் விட்டு மூடிய வயிற்றில் இரண்டாவது முறை நுழைவது வேறு கதை.

ஒரு விஷயத்தை இளம் மருத்துவர்களும் குடும்பத்தினரும் சேர்ந்தே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிரை முழுக்க அடைந்திருந்தால் ஆபத்து, பாதி அடைந்திருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். அறுவை மேசையில் பல நேரம் நிலைமை தலைகீழ். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அடைந்த சிரைக்கு உடலே மாற்று வழி போட்டுக்கொள்கிறது. முதுகெலும்பை ஒட்டிய லம்பார் சிரைகள், அசைகஸ் சிரை, வயிற்றுத் தோலுக்கடியில் ஓடும் சிரைகள் எல்லாம் பருத்து, ரத்தத்தை மேல் பெருஞ்சிரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. அப்படிப்பட்டவருக்கு ஐவிசியை இடுக்கி மூடும் கிளாம்ப் போட்டால் ரத்த அழுத்தம் பெரிதாக அசையாது. பாதி திறந்திருக்கும் சிரைக்கு இந்தத் தயாரிப்பு எதுவும் இல்லை. கிளாம்ப் போட்ட அடுத்த நிமிடமே இதயத்துக்கு வரும் ரத்தம் வற்றி, அழுத்தம் சரியும். ஆகவே அறுவைத் திட்டம் முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்தச் சிரையை எடுத்த பிறகு கால்களின் ரத்தமும், ஒவ்வொரு சிறுநீரகத்தின் ரத்தமும், கல்லீரலின் ரத்தமும் தனித்தனியாக எந்த வழியாகத் திரும்பும்? இதற்குப் பதில் எழுதி வைக்காமல் வயிற்றைத் திறக்கக் கூடாது.

பதில் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஐவிசியை மூன்று துண்டாகப் பார்ப்பது வழக்கம். சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே உள்ளது முதல் பகுதி. சிறுநீரகச் சிரைகளிலிருந்து கல்லீரல் சிரைகள் வரை இரண்டாவது. கல்லீரல் சிரைகளிலிருந்து இதயத்தின் வலது மேலறை வரை மூன்றாவது. முதல் பகுதிக் கட்டி கால் வீக்கமாகத் தெரியும். இரண்டாவதில்தான் இந்தக் கட்டி அதிகம் வருகிறது. வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, பல மாதம் கேஸ் வலி என்று மாத்திரை சாப்பிட்ட வரலாறு. மூன்றாவது கல்லீரல் சிரைகளை அடைத்தால் கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். பட்-கியாரி எனப்படும் அந்த நிலையில் முழு அறுவை பெரும்பாலும் சாத்தியப்படாது.

படத்தில் பார்க்க வேண்டியது

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் பிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். பிலிமில் அவர்கள் தேர்ந்த சில படங்கள்தான் இருக்கும். சிரைக்குள் கட்டியின் மேல் நுனி எங்கே முடிகிறது என்பதைக் கணினியில் ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சிடி எடுக்கும்போது ரத்தத்தைப் படத்தில் பளிச்செனக் காட்டும் மருந்தை ஏற்றிய பின் சிரை நிரம்பும் கட்டம் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகங்கள் வழியாகச் சுற்றி வரும் ரத்தம் மருந்தோடு சீக்கிரம் ஐவிசிக்கு வந்துவிடும். கால்களிலிருந்து வரும் ரத்தத்தில் அந்நேரம் மருந்து இருக்காது. இரண்டும் கலக்கும் இடத்தில், சிறுநீரகச் சிரைகளின் மட்டத்தில், கட்டி போலவே ஒரு கருநிழல் விழும். தாமதித்து இன்னொரு சுற்று எடுத்தால் அது மறைந்துவிடும். மறையாமல் நின்றால்தான் அது உண்மை.

அடுத்தது, கட்டியா உறைவா என்ற கேள்வி. வெறும் ரத்த உறைவு மருந்தை உறிஞ்சாது. கட்டி உறிஞ்சிச் சற்றே வெளுக்கும். கட்டியின் கீழே தேங்கிய ரத்தம் உறைந்திருக்கவும் கூடும். அந்த உறைவு எங்கே முடிகிறது என்று தெரியாமல் மேலே கையை வைத்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போகும். இதே தடுமாற்றம் இன்னோர் அரிய கட்டியிலும் நேர்கிறது: நுரையீரல் தமனிக்குள் வளரும் சார்கோமாவை (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் பிறக்கும் புற்று வகை) நுரையீரல் உறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் ரத்தம் உறையாத மருந்து கொடுப்பார்கள். மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் கரையாத உறைவை, காலில் உறைவே இல்லாதவருக்கு வந்த உறைவை, இன்னொரு முறை சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கால் வீக்கத்துக்கும் இது பொருந்தும். இரு கால்களும் சேர்ந்து வீங்கினால் காலை மட்டும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்து நிறுத்தாதீர்கள். வயிற்றுக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டி சிரையில் பிறந்ததா, பக்கத்தில் பிறந்து சிரையை நசுக்குகிறதா? நசுக்கப்பட்ட சிரை தட்டையாக, பிறை வடிவில், எங்காவது ஓர் ஓரத்தில் தெரியும். சிரையிலேயே பிறந்த கட்டி என்றால், கட்டி மிகப் பருத்த இடத்தில் சிரையைத் தேடினாலும் கிடைக்காது. அது கட்டிக்குள் கரைந்துபோயிருக்கும். வலது சிறுநீரகப் புற்று சிரைக்குள் நீண்டு வருவது இதைவிடப் பல மடங்கு அதிகம் காணப்படுவது. ஆகவே சிறுநீரகத்திலோ, அதன் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ, கல்லீரலிலோ பிறந்த கட்டி இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கருப்பைக் கட்டி எடுத்த பெண் என்றால், கருப்பையின் சாதாரண தசைக்கட்டி சிரை வழியாகவே ஏறி இதயம் வரை போகும் இன்னொரு நோயும் இருக்கிறது. அது புற்று இல்லை. அறுவையும் வேறு வகை. பெரும்பாலும் சிரைச் சுவரைத் துண்டாக எடுக்காமலே உள்ளிருப்பதை உருவிவிடலாம். கட்டியின் நுனி இதயத்தை நெருங்கியிருந்தால் உணவுக்குழாய் வழி எக்கோ வேண்டும். மார்பு சிடி எல்லோருக்கும் கட்டாயம். இந்தப் புற்று முதலில் தேடிப் போகிற இடம் நுரையீரல்.

“ஊசி போட்டால் பரவிடுமா?”

கட்டியில் ஊசி விட்டுத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பற்றி எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. சிடி பார்த்துக்கொண்டே, முதுகுப் பக்கமாக, வயிற்றறைக்குள் நுழையாமல், உறை ஊசி வழியாக 14 அல்லது 16 கேஜ் கோர் ஊசியில் நான்கைந்து துண்டு எடுப்பதில் பரவும் ஆபத்து மிகக் குறைவு. லேப்ராஸ்கோப்பில் நுழைந்து கட்டியைக் கிள்ளுவதும், வயிற்றைத் திறந்து துண்டு எடுத்து மூடுவதும்தான் பரப்பும் வேலைகள். நுண்ணூசியில் உறிஞ்சும் எஃப்என்ஏசி இங்கே போதாது. செல்கள் கிடைக்கும், கட்டியின் தரம் (அது எவ்வளவு மூர்க்கமானது என்ற அளவு) கிடைக்காது. சிரைக்குள்ளேயே இருக்கும் கட்டிக்குக் கழுத்துச் சிரை வழியாகக் கம்பி விட்டு உள்ளிருந்தே எடுக்கலாம்.

ஊசி போடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது: மெட்டாநெஃப்ரின். அந்த இடத்தில் இருப்பது அட்ரினலின் வகை ஹார்மோனைச் சுரக்கும் பாராகாங்கிலியோமா என்ற கட்டியாக இருந்தால், ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறும்.

நோய்க்குறியியல் அறிக்கையில் ஆக்டின், டெஸ்மின், கால்டெஸ்மான் மூன்றும் பாசிட்டிவாக இருப்பது மென்தசைப் புற்றுக்குச் சாட்சி. தரம் ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதையும் கேட்டு வாங்குங்கள். தரம் மூன்று, பெரிய கட்டி என்றால் அறுவைக்கு முன் கீமோ கொடுப்பது பற்றிப் புற்று மருத்துவரோடு பேச வேண்டும். லியோமயோசார்கோமாவுக்கு டாக்ஸோரூபிசினோடு டகார்பசின் சேர்ப்பது வழக்கம். மற்ற சார்கோமாக்களுக்குக் கொடுக்கும் ஐஃபாஸ்ஃபமைட் இதில் அவ்வளவாக எடுபடுவதில்லை. வயிற்றின் பின்புறச் சார்கோமாக்களுக்கு அறுவைக்கு முன் 50.4 கிரே கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த ஸ்ட்ராஸ் ஆய்வு 2020-இல் வெளியானது. லியோமயோசார்கோமா நோயாளிகளுக்கு அதில் பயன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகக் கதிர்வீச்சு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிறுநீரகங்கள்: இடதும் வலதும் ஒன்றல்ல

இரண்டாவது பகுதிக் கட்டியில் இரு சிறுநீரகச் சிரைகளும் கட்டியோடு போக நேரலாம். இடது சிறுநீரகச் சிரை நீளமானது. அதில் அட்ரீனல் சிரை, கருவகச் சிரை, லம்பார் சிரை மூன்றும் வந்து சேர்கின்றன. ஐவிசியை ஒட்டி, அந்த மூன்று கிளைகளுக்கும் உள்பக்கமாக இடது சிரையைக் கட்டினால், ரத்தம் கிளைகள் வழியாகப் பின்னோக்கி ஓடி வெளியேறிவிடும், சிறுநீரகம் பிழைக்கும். அவசரத்தில் இன்னும் இடப்பக்கம் தள்ளிக் கட்டினாலோ, முன்பே கருவகச் சிரையைக் கட்டி அறுத்திருந்தாலோ, சிறுநீரகம் கண் முன்னே நீலம் பாரித்து வீங்கும். வலப்பக்கம் இந்த வசதியே இல்லை. வலது அட்ரீனல் சிரையும் கருவகச் சிரையும் நேராக ஐவிசியிலேயே சேர்கின்றன. வலது சிறுநீரகச் சிரையைக் கட்டினால் அந்தச் சிறுநீரகம் பொதுவாகப் போய்விடும். புதிய குழாயில் அந்தச் சிரையைத் தனியாகப் பொருத்தித் தைக்க வேண்டும், அல்லது சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும்.

எடுக்க நேரலாம் என்பதால்தான், அறுவைக்கு முன்பே டிடிபிஏ ஸ்கேனில் இரண்டும் எவ்வளவு எவ்வளவு வேலை செய்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்ற ஒரு வரி போதாது. வேலை செய்வது பெரும்பகுதி வலதாகவே இருந்துவிடலாம்.

மேசையில்

மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: தொடைச் சிரையில் லைன் போடாதீர்கள். ஐவிசி மூடியிருக்கும்போது தொடையில் ஏற்றும் ரத்தமும் மருந்தும் இதயத்துக்குப் போகாது, வயிற்றில் கொட்டும். பெரிய லைன்கள் எல்லாம் கழுத்திலும் கையிலும்தான். சிவப்பணு ரத்தம் ஆறு முதல் பத்து யூனிட், அதற்கேற்ற பிளாஸ்மா, பிளேட்லெட் கையிருப்பில் இருந்த பிறகே முதல் கீறல். ரத்த தானத்துக்கு உறவினர்களை முந்தைய வாரமே அனுப்பிவிடுங்கள். அறுவை நாள் காலையில் தேடினால் கிடைக்காது.

நடுவயிற்றில் நீளக் கீறல், கல்லீரல் பக்கம் போக வேண்டுமானால் வலது விலாவுக்குக் கீழே நீட்டிப்பு. வலப்பக்கப் பெருங்குடலையும், சிறுகுடலின் அடிவேரையும், சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தையும் விடுவித்து இடப்பக்கம் திருப்பினால் ஐவிசி முழு நீளத்துக்குத் தெரியும். விதி ஒன்றே: கட்டியைத் தொடுவதற்கு முன் மேலும் கீழும் பக்கத்திலும் சிரைகளுக்கு டேப் (தேவைப்படும்போது இறுக்கிப் பிடிக்கச் சுற்றிப் போடும் நாடா) போட்டு முடித்திருக்க வேண்டும்.

இங்கே ஆளை வீழ்த்துவது லம்பார் சிரைதான். ஐவிசியின் பின்சுவரிலிருந்து முதுகெலும்புக்குள் போகும் இந்தச் சிரைகள் மெல்லிய சுவருள்ளவை, நீளமும் சொற்பம். அடைப்புள்ள நோயாளியிடம் இவைதான் மாற்றுவழி என்பதால் இரண்டு மடங்கு பருத்துமிருக்கும். ஐவிசியை ஒரு பக்கம் உருட்டி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, இருபுறமும் நூலால் கட்டி, நடுவில் வெட்ட வேண்டும். இழுத்துப் பார்த்தால் கிழியும். கிழிந்த முனை முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசைக்குள் பின்வாங்கிவிடும். தசையைப் பிளந்து கிளாம்ப் விட்டுத் தேடினால் ரத்தப்போக்கு அதிகமாகும். விரலால் அழுத்திப் பிடித்து, காத்திருந்து, தசையோடு சேர்த்து எட்டு வடிவத் தையல் போடுவதே வழி. கல்லீரலுக்குப் பின்னால் இதே கவனம் கல்லீரலின் வால் மடலிலிருந்து வரும் குட்டிச் சிரைகளுக்கு. வலது சிறுநீரகத் தமனி ஐவிசிக்குப் பின்னால் ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது; பெருந்தமனிக்கும் ஐவிசிக்கும் இடையிலேயே அதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

பிறகு சோதனைக் கிளாம்ப். ஹெப்பாரின் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் கொடுத்து மூன்று, நான்கு நிமிடம் காத்திருந்து, மெல்ல மூடிப் பார்க்க வேண்டும். முன்னதாகவே திரவம் ஏற்றியிருந்தும் சராசரி அழுத்தம் முப்பது சதவீதத்துக்கு மேல் சரிந்து, மீளாமல் நின்றால், கிளாம்பைத் திறந்துவிட்டுப் பைபாஸுக்குப் போக வேண்டும். தொடைச் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தைப் பம்ப் மூலம் கழுத்துச் சிரைக்குத் தருவது சிரைப் பைபாஸ். கட்டி இதயத்துக்குள் நுழைந்திருந்தால் இதய-நுரையீரல் இயந்திரமே வேண்டும். இதை முந்தைய நாளே தீர்மானிக்க வேண்டும். பம்ப் இயக்குபவரை நடுவில் போன் போட்டு அழைக்கும் நிலை வரக்கூடாது. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை மூட நேர்ந்தால் பதினைந்து நிமிடம் மூடி, ஐந்து நிமிடம் திறக்கும் கணக்கு. ரத்தம் வரும் வழி, போகும் வழி இரண்டையும் மூடி முழுவதுமாகத் தனிமைப்படுத்தினால் நல்ல கல்லீரல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும்.

சிரையை வெட்டும் இடத்தில் கட்டிக்கு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சுவர் வர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கட்டி முடிந்த மாதிரி இருக்கும். உள்ளே நாக்கு போல நீண்டிருக்கும். அறுவைக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் வைத்து நுனியைப் பார்த்த பிறகே மேல் கிளாம்பின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தவறினால் கிளாம்பே கட்டியை நறுக்கி, ஒரு துண்டை நுரையீரலுக்கு அனுப்பிவிடும்.

இனி குழாயை மாற்றும் வேலை. சுவரில் ஒரு பக்கம் மட்டும் போயிருந்து, நேராகத் தைத்தாலும் அகலம் பாதிக்குக் குறையாது என்றால் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் மாட்டு இதய உறையிலிருந்து செய்த ஒட்டு. முழுச் சுற்றும் போனால் வளையம் வைத்த பிடிஎஃப்இ என்ற செயற்கைக் குழாய், பொதுவாக 16 முதல் 20 மில்லிமீட்டர். சிரையைவிடச் சற்றுச் சிறிய குழாயே நல்லது. அகலமான குழாயில் ரத்தம் மந்தமாக ஓடி உறையும். வளையம் வேண்டியதற்குக் காரணம், சிரையில் அழுத்தம் குறைவு; குடலும் கல்லீரலும் மேலே அமர்ந்தால் வளையமில்லாத குழாய் அமுங்கிவிடும். நீளம் அளக்கும்போது வயிற்றை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர்களைத் தளர்த்தி, கல்லீரலை அதன் இடத்தில் உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். இழுத்துப் பிடித்த நிலையில் அளந்த குழாய், விட்டதும் நீளம் மிகுந்து மடியும்.

மேல் முனையை முதலில், பிறகு கீழ் முனையை, 4-0 அல்லது 5-0 பாலிபுரோப்பிலீன் நூலில் தொடர்தையலாகத் தைப்பார்கள். முடிச்சை அப்படியே சுவரை ஒட்டி இறுக்கினால் தையல் வளையம் சுருக்குப் பையின் வாய் போலச் சுருங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் தளர்வு விட்டு முடிச்சுப் போட்டால், ரத்தம் நிரம்பும்போது நூல் தானே இடம் கொடுத்து விரியும். கடைசித் தையலுக்கு முன் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கீழ் கிளாம்பை ஒரு கணம் தளர்த்தி, காற்றையும் உறைவையும் அந்த இடைவெளி வழியே வெளியே அடித்துவிட வேண்டும். முடிச்சு விழுந்த பிறகு மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு அந்நேரம் திடீரென விழுந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் குடலின் முன் தொங்கும் கொழுப்புத் திரையான ஒமென்டத்தை இழுத்துக் குழாயைச் சுற்றிப் போர்த்த வேண்டும். டியோடினம் நேராகக் குழாயில் உரசிக்கொண்டிருந்தால் என்றாவது ஒருநாள் அரித்துத் துளை விழும். பெருங்குடலையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் செயற்கைக் குழாயைத் தவிருங்கள். அதில் கிருமி ஏறினால் கழற்றாமல் ஆறாது.

ஏற்கெனவே முழுதாக அடைந்து, பக்கவழிகள் நன்றாக வளர்ந்தவருக்கு எதையும் வைக்காமல் இரு முனைகளையும் தைத்து மூடுவது நியாயமான முடிவு. சிலர் இதை அரைகுறை அறுவை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆனால் கட்டியோடு சேர்த்து அந்தப் பக்கவழிகளையும் வெட்ட வேண்டியிருந்தால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். முதல் நாள் படத்தில் அவை எங்கெங்கே ஓடுகின்றன என்று குறித்து வைப்பது இதற்காகத்தான்.

பிறகு

முதல் இரண்டு நாள் சிறுநீரின் அளவும் கிரியாட்டினினும் மணிக்கணக்கில் பார்க்கப்படும். இடது சிரையைக் கட்டியவருக்குச் சிறுநீரில் ரத்தம் சில நாள் தெரியலாம். வடிகுழாயில் வரும் நீர் உணவு தொடங்கிய பின் பால் போல மாறினால் நிணநீர்க் கசிவு. அதில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உறுதி. கொழுப்பில்லாத உணவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்தப்போக்கு நின்றதும் சிறு அளவில் ஹெப்பாரின் ஊசி தொடங்கி, குழாய் வைத்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் உறையாத மருந்து தொடர்வது பலரின் வழக்கம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும். டிஸ்சார்ஜ் தாளில் மருந்தின் பெயரோடு நிறுத்தும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கால் வீக்கம் சில வாரம் இருக்கும். காலை எழுந்ததும், தரையில் கால் ஊன்றுவதற்கு முன்பே, அழுத்தக் காலுறை போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் பயனில்லை. படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. வீக்கம் குறைந்து வந்த கால் ஒரே நாளில் மீண்டும் பருத்தால், அடுத்த வாரச் செக்கப்புக்குக் காத்திருக்காமல் அன்றே டாப்ளர் பார்க்க வேண்டும்.

மார்பு, வயிறு சிடி முதல் இரண்டு, மூன்று ஆண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஐந்தாண்டு முடிந்ததும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இந்தப் புற்று அதற்குப் பிறகும் நுரையீரலிலோ கல்லீரலிலோ திரும்புகிறது. ஒன்றிரண்டு முடிச்சாக, சிறிதாக இருக்கும்போது கண்டால் அதையும் வெட்டி எடுக்க வழியுண்டு. ஒவ்வொரு முறையும் பழைய டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள். நான்கு மில்லிமீட்டர் புள்ளி போன முறையும் இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்பதைப் பழைய படம் மட்டுமே சொல்லும்.